தட்டு சாயவில்லை

மே 3

வாண்டுவின் அம்மாவுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே இரண்டு பேரும் கத்த ஆரம்பித்துவிடுகிறோம். அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் நீ கத்தினாலும் எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் கேட்கும்.

இந்த ஆண்டுத் தீயணைப்புத் தகுதித் தேர்வை நம் நிலையத்தில் நடத்தச் சொல்லித் தலைமையகம் உத்தரவு போட்டிருக்கிறது. இதுவரை பெரிய ஊர்களில் மட்டும் நடந்தது. பயிற்சி முடித்த நாற்பது பேர் வருவார்கள். ஏணி, முடிச்சு, புகை அறை, ஹோஸ் என்று நாலு பிரிவு. ஒன்றில் தவறினாலும் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாமல் எந்த நிலையத்திலும் வேலைக்குச் சேர முடியாது. ஒழுங்காக நடத்திக் காட்டினால் நம் நிலையத்தையே நிரந்தரத் தேர்வு மையமாக்குவார்களாம். ஒரு ஓட்டை வண்டியையும் ஒழுகுகிற கூரையையும் வைத்துக்கொண்டு இத்தனை வருடம் ஓட்டிய நிலைய அதிகாரி எனக்கு இதைக் கேட்டதும் எப்படி இருந்திருக்கும், நீயே நினைத்துப் பார்.

இன்னொன்று. வருகிற நாற்பதில் வாண்டுவும் ஒருத்தி. உத்தரவு வந்த அன்றே உனக்கு எழுதிவிட்டேன். நான் மறைத்தேன் என்று இந்தத் தடவை நீ சொல்ல முடியாது.

அங்கே குவார்ட்டர்ஸில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா?

வாண்டுவின் அப்பா


மே 8

வாண்டுவின் அப்பாவுக்கு,

தண்ணீர் வருகிறது.

இந்தத் தடவை மறைக்கவில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். போன தடவை நடந்தது மறந்துபோயிற்றா? தினமும் விடிந்ததும் அவள் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகிறாள் என்றீர்கள். உள்ளங்கை முழுக்கக் கொப்புளத்தோடு திரும்பி வருவாள். மருந்து போட்டது நான். "என்னடி இது?" என்று கேட்டேன். "கீபோர்டு ரொம்பப் பழசும்மா" என்றாள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். பேப்பருக்குப் பின்னால் சிரித்தீர்களா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பயிற்சிப் பள்ளியிலிருந்து ஆள் வந்து கதவைத் தட்டிய பிறகுதான், என் மகள் உங்கள் நிலையத்து முற்றத்தில் ஏணி ஏறிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

நான் மாற்றல் வாங்கிக்கொண்டு இங்கே வந்ததைக் கோபம் என்று எல்லோரிடமும் சொல்கிறீர்களாம். கோபம்தான். ஆனால் கோபம் மட்டும் இல்லை. நீங்கள் ஆளை வெளியே தூக்கி வந்து ஆம்புலன்ஸில் ஏற்றுவதோடு உங்கள் வேலை முடிந்துவிடுகிறது. என் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. தீக்காய வார்டில் கட்டு மாற்றுகிற நேரத்தில் ஒரு முறையாவது வந்து நில்லுங்கள். இப்போது என் வார்டில் இருக்கிறவர்களில் ஒருவர் உங்கள் துறைக்காரர். நாற்பது வயது இருக்கும். ஊசி போட்டால் கண்ணை மூடிக்கொண்டு என்னை "அம்மா" என்கிறார். எனக்கு அந்தக் கட்டிலில் யார் யாரோ தெரிகிறார்கள்.

தேர்வுக்கு வருகிறவர்களில் பெண்கள் எத்தனை பேர்? உங்கள் நிலையத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. அதை யோசித்தீர்களா?

வாண்டுவின் அம்மா


மே 14

வாண்டுவின் அம்மாவுக்கு,

யோசிக்கவில்லை. உன் கடிதத்தைப் படித்தபிறகுதான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். ஐந்து பெண்கள் வருகிறார்கள். உடனே தச்சரைக் கூப்பிட்டு, பழைய ஸ்டோர் அறையை இரண்டாகத் தடுத்துக் கட்டி முடித்தாயிற்று. போய்ப் பார்த்தால் தாழ்ப்பாளை வெளிப்பக்கம் வைத்திருக்கிறார். "என்னய்யா இது?" என்றேன். "ஸ்டோர் ரூம்னு சொன்னீங்களே சார், உள்ள இருந்து யாரு பூட்டப் போறா?" என்கிறார். மாற்றச் சொல்லிவிட்டேன்.

எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. ஏணியைத் தொட்டுப் பார்க்கிறேன். நாற்காலிகளை எண்ணுகிறேன். மறுபடியும் ஏணியிடம் போகிறேன். புகை அறையில் ஒத்திகை பார்த்தபோது அடுத்த வீட்டுத் தையற்காரர் துணிகளை அள்ளிக்கொண்டு ஓடி வந்தார். "சார், தீயை அணைக்கறது உங்க வேலையா, வைக்கறது உங்க வேலையா?" என்று அவர் கேட்டதில் நம் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தேர்வு நாளன்று துணி காயப்போட வேண்டாம் என்று கெஞ்சிவிட்டு வந்தேன்.

முற்றத்துத் தண்ணீர்த் தொட்டியின் உள்ளே நீலப் பெயிண்ட் அடிக்கச் சொன்னேன். தலைமையகத்திலிருந்து வருகிற தேர்வாளர் அம்மா எட்டிப் பார்த்தால் தண்ணீர் பளிச்சென்று இருக்க வேண்டாமா? நம் பம்ப் ஆபரேட்டர் மீசைக்காரர்தான் முனகினார். "இன்னும் நாலு நாள் காயட்டும் சார், அப்புறம் ரொப்பலாம்." நாளைக்கே ஹோஸ் ஒத்திகை, நாலு நாளுக்கு எங்கே போவது? ரொப்பச் சொல்லிவிட்டேன்.

உறவுக்காரர் யாராவது தேர்வு எழுதினால், அந்த நேரம் நான் முற்றத்தில் இருக்கக்கூடாது என்பது விதி. வாண்டுவின் முறை வரும்போது அலுவலக அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார வேண்டும். ஒத்திகைக்கு வந்தவள் என்னை "சார்" என்று கூப்பிட்டாள். நானும் "சொல்லுங்க" என்றேன். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது, எனக்கும்தான்.

நீ அவளுக்கு ஒரு வரி எழுதலாமே.

வாண்டுவின் அப்பா


மே 18

வாண்டுவின் அப்பாவுக்கு,

எழுத மாட்டேன். என்ன எழுதுவது? நன்றாகச் செய் என்றால் பொய். செய்யாதே என்றால் கேட்கமாட்டாள். அவள் தவறிவிட வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. பெற்றவள் இப்படி நினைக்கலாமா என்று கேட்காதீர்கள். நினைக்கிறேன்.

வெயில் கடுமையாக இருக்கிறது. முழுக் கவசம் போட்டுக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் வையுங்கள். டீ மட்டும் போதாது.

வா. அ.


மே 24

வாண்டுவின் அம்மாவுக்கு,

இன்றைக்குத் தேர்வு முடிந்தது. உன் ஆசைப்படியே நடந்துவிட்டது.

காலையில் எல்லாம் மணி மாதிரி நடந்தது. தலைமைத் தேர்வாளர் அம்மா கண்டிப்பானவர். கையில் ஸ்டாப் வாட்ச், கழுத்தில் விசில், வாயில் ஒரு வார்த்தை கிடையாது. உப்புத் தண்ணீரை மட்டும் இரண்டு தம்ளர் குடித்துவிட்டு, "இது யார் யோசனை?" என்று கேட்டார். என் மனைவி, நர்ஸ் என்றேன். "அதானே" என்றார்.

வாண்டு ஏணியிலும் முடிச்சிலும் முழு மதிப்பெண். புகை அறையில் பொம்மையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவர்களில் அவளும் ஒருத்தி. நிறையப் பேர் காலைப் பிடித்து இழுத்துத்தான் வந்தார்கள். கடைசியாக ஹோஸ். தண்ணீர் நிரம்பிய ஹோஸை முற்றத்தின் இந்தக் கோடியிலிருந்து இழுத்துப்போய், தடுப்புக்கு அப்பால் நிற்கிற இரும்புத் தட்டைத் தண்ணீராலேயே அடித்துச் சாய்க்க வேண்டும். கடைசிக் குழுவில் நாலு பேர், அதில் அவள் மூன்றாவது. நான் அறைக்குள் இருந்தேன். தட்டு விழுந்தால் டமால் என்று சத்தம் கேட்கும். காலையிலிருந்து கேட்டுக் கேட்டுக் காது பழகியிருந்தது. காத்திருந்தேன். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அவள் ஏதோ கத்துவதும் கேட்டது. பிறகு விசில். டமால் வரவே இல்லை.

கடைசிக் குழுவில் நாலு பேருமே தவறிவிட்டார்கள். களைப்பு என்று எல்லோரும் சொன்னார்கள்.

வாசலில் போய் நின்றேன். பையை மாட்டிக்கொண்டு வந்தாள். அழவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் சொன்னாள்: "அப்பா, இதுல நீங்க ஒண்ணும் பண்ணக்கூடாது. யாருகிட்டயும் பேசக்கூடாது. பேசினீங்கன்னா நான் உங்ககூடப் பேசமாட்டேன்." விடுதிக்குப் போகிற பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

இனி நீ நிம்மதியாக இருக்கலாம். குத்திக் காட்டவில்லை. யாராவது ஒருவருக்காவது நிம்மதி கிடைக்கட்டுமே என்றுதான் சொல்கிறேன்.

வாண்டுவின் அப்பா


மே 25

வாண்டுவின் அம்மாவுக்கு,

நேற்றைய கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன். 

இன்று தொட்டியைக் காலி செய்யச் சொன்னேன். பம்பின் உறிஞ்சு குழாய் வாயில் ஒரு சல்லடை இருக்கும். மீசைக்காரர் அதைக் கழற்றிக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். சல்லடை முழுக்க நீலம். பெயிண்ட் தோல் தோலாக உரிந்து, ஈரத் துணி மாதிரி அப்பியிருந்தது. காலையில் கொஞ்சம், மத்தியானம் கொஞ்சம் என்று சேர்ந்து, கடைசிக் குழுவின் நேரத்தில் முக்கால்வாசி அடைத்துப் போயிருக்கிறது.

"பிரஷர் மீட்டர் முள் இறங்கலையா?" என்று கேட்டேன்.

"ஆடுச்சு சார். பழைய மீட்டர்தானே, எப்பவும் ஆடும்னு விட்டுட்டேன்."

"வாண்டு என்ன கத்தினா?"

அவர் சல்லடையையே பார்த்துக்கொண்டிருந்தார். "'தண்ணி குறையுது'ன்னு கத்துச்சு. எல்லாரும் கத்தறதுதானே சார், முடியாதப்ப."

அவள் சரியாகத்தான் செய்திருக்கிறாள். தண்ணீர் குறைந்தால் கத்தச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

முடிவு வெளியாவதற்குள், நிலைய அதிகாரி எழுத்து மூலம் சொன்னால்தான் கருவிக் கோளாறு என்று எடுத்துக்கொள்வார்கள். நான் எழுதினால் மையம் கைவிட்டுப் போகும். பெண்ணுக்காகக் கதை கட்டினான் என்று சல்லடையைக் கண்ணால் பார்த்தவன்கூடச் சொல்வான். மீசைக்காரரையும் விசாரிப்பார்கள். அவள் என்னோடு பேசமாட்டாள். எழுதாவிட்டால் இதில் எதுவும் நடக்காது. தொட்டியைக் கழுவிவிட்டால் போதும்.

யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன். ஏன் உன்னிடம் என்று கேட்காதே. நீ சும்மா இருந்தாலே நீ கேட்டது உனக்குக் கிடைத்துவிடும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

வா. அ.


மே 28

வாண்டுவின் அப்பாவுக்கு,

இரண்டு கடிதங்களும் ஒன்றாக வந்தன. முதல் கடிதத்தைப் படித்துவிட்டு, உண்மையைச் சொல்கிறேன், நன்றாகச் சாப்பிட்டேன். பல நாளைக்குப் பிறகு. அப்புறம் இரண்டாவதைப் பிரித்தேன்.

அவள் தோற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவள் தோற்கவில்லையே. உங்கள் தண்ணீர் அல்லவா தோற்றது! இதை வைத்துக்கொண்டு நான் எப்படி நிம்மதியாக இருப்பது? தனக்குத் தெம்பு போதவில்லை என்று நினைத்துக்கொண்டே அவள் காலம் பூராவும் இருப்பாள். என் முன்னால் வந்து உட்காருவாள், நானும் ஆமாம் என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சோறு போட வேண்டுமா? அதற்கு அவளை அந்த ஏணியிலேயே விட்டுவிடலாம்.

இன்றைக்கு அந்தத் துறைக்காரருக்குக் கட்டு மாற்றும்போது, யார் என்ன என்று சொல்லாமல் கேட்டேன். உள்ளே இருக்கிறவர் தண்ணீர் குறைகிறது என்று கத்தினால் வெளியே இருக்கிறவர் என்ன செய்ய வேண்டும்? "என்ன சிஸ்டர் கேள்வி இது? வெளிய இருக்கறவன் கேக்கணும். அவ்வளவுதான்" என்றார். அவர் கத்தியது அன்றைக்கு யாருக்கும் கேட்கவில்லை போலிருக்கிறது. 

எழுதுங்கள். நீங்கள் எழுதாவிட்டால் நான் எழுதுவேன். பெண் மேல் ஆசையால் எழுதினாள் என்று என்னை யாரும் சொல்ல முடியாது. அவளுக்கு இந்த வேலை வேண்டாம் என்று வீட்டை விட்டு வந்தவள் நான்.

வாண்டுவின் அம்மா


மே 28

வாண்டுவின் அம்மாவுக்கு,

உன் பதில் வரும் வரை பொறுக்க முடியவில்லை. எழுதிவிட்டேன்.

மூன்று நாளாகத் தொட்டிக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருந்தேன். அவளுக்காக எழுதுகிறேனா, மற்ற மூன்று பேருக்காக எழுதுகிறேனா என்று என்னையே கேட்டேன். பதில் வரவில்லை. பதில் வந்த பிறகு எழுதலாம் என்றால் முடிவு வெளியாகிவிடும். அதனால் பதில் இல்லாமலேயே எழுதினேன். பெயிண்ட் அடிக்கச் சொன்னதும், காயுமுன் ரொப்பச் சொன்னதும் நான், பம்ப் ஆபரேட்டர் எச்சரித்தார் என்று சேர்த்தே எழுதினேன். சல்லடையைப் பாலிதீன் பையில் போட்டு அதோடு அனுப்பினேன்.

மீசைக்காரருக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "எச்சரிச்சேன்னு எழுதியிருக்கீங்க, சரி. முள் ஆடுச்சுன்னு நான் சொன்னதையும் எழுதியிருக்கீங்களே. உங்க பொண்ணுக்காக என் தலையை உருட்டிட்டீங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். இருபது வருடமாக ஒரே வண்டியில் போகிற மனிதர். இன்று நான் நீட்டிய டீயை வாங்கவில்லை.

வா. அ.


ஜூன் 9

வாண்டுவின் அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. மூன்று தடவை படித்தேன். நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் ஒரே விஷயத்தை எழுதியிருக்கிறோம். கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படி நடந்ததே இல்லை.

தலைமைத் தேர்வாளர் அம்மா நேரில் வந்தார். தொட்டிக்குள் இறங்கி, சுவரை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். எனக்கு ஒரு மெமோ. மீசைக்காரருக்குக் கண்டிப்பு மட்டும், எழுத்தில் இல்லை. தேர்வு மையம் நமக்கு இல்லை. போகும்போது அந்த அம்மா சொன்னார்: "இதை நீங்க அனுப்பாம இருந்திருந்தா மையம் உங்களுக்குத்தான்."  தலையை ஆட்டினேன்.

நாலு பேருக்கும் மறுதேர்வு. நீ இருக்கிற ஊரின் பெரிய நிலையத்தில், வருகிற இருபதாம் தேதி. ஆனால் வாண்டு போகமாட்டாளாம். போன் செய்தேன். "உங்களை நான் என்ன கேட்டேன், நீங்க என்ன செஞ்சீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி. வைத்துவிட்டாள். அப்புறம் எடுக்கவே இல்லை.

நான் என்ன சொன்னாலும் அவள் காதில் ஏறாது. நீ பேசு. இதை உன்னிடம் கேட்கிற தகுதி எனக்கு இல்லை என்று தெரிந்தேதான் கேட்கிறேன்.

வாண்டுவின் அப்பா


ஜூன் 15

வாண்டுவின் அப்பாவுக்கு,

நான் பேசப் போகவில்லை. அவளே வந்தாள். டியூட்டி முடிந்து குவார்ட்டர்ஸ் படியேறினால், பையோடு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். இளைத்துப் போயிருக்கிறாள், தோள் மட்டும் அகலமாகியிருக்கிறது.

"நீ சொன்னதுதான் சரிம்மா. எனக்கு இந்த வேலை வேணாம்" என்றாள். எத்தனை நாள் காத்திருந்த வார்த்தை! கேட்டதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"வேணாம்னா ஏன் வேணாம்?"

"பாஸ் பண்ணினாலும் அப்பா வாங்கிக் குடுத்ததுன்னுதானே சொல்வாங்க."

"போகலைன்னா பயந்து ஓடிட்டான்னு சொல்வாங்க. சொல்றவங்க எதையாவது சொல்லிட்டுத்தான் இருப்பாங்க. உனக்குத் தண்ணி குறைஞ்சுதா இல்லையா?"

"குறைஞ்சுது."

"கத்தினியா இல்லையா?"

"கத்தினேன்."

"அப்புறம் என்னடி?"

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அவளே சொன்னாள். தவறிய நாலு பேரில் ஒருவனுக்கு இந்த வருடத்தோடு வயது வரம்பு முடிகிறதாம். அவன் விடுதிக்குத் தேடி வந்து, "உங்க அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல, நீங்களே சொல்லிடுங்க" என்று நன்றி சொல்லிவிட்டுப் போனானாம். அதை உங்களிடம் சொல்ல வேண்டி வருமே என்றுதான் போனை எடுக்கவில்லையாம். உங்கள் பெண்தான், சந்தேகமே இல்லை.

காலையில் அவள் எழுந்து ஓடப் போன சத்தம் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். நானே அவளை அனுப்பிவைத்துவிட்டேன் என்று அப்போதுதான் புரிந்தது. உங்களுக்காகச் செய்தேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

வாண்டுவின் அம்மா


ஜூன் 21

வாண்டுவின் அப்பாவுக்கு,

அவள் உங்களுக்குப் போன் செய்திருக்க மாட்டாள். "நீயே சொல்லிடும்மா" என்றாள். சொல்கிறேன், தேறிவிட்டாள். நாலு பேரும் தேறிவிட்டார்கள்.

நான் போவதாக இல்லை. ஷிப்ட் மாற்றிக்கொண்டு எப்படியோ போய் நின்றுவிட்டேன். வெளியாட்கள் கயிற்றுக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்றார்கள். உங்கள் தேர்வாளர் அம்மா முதலில் மீட்டரை நாலு பேருக்கும் காட்டினார், பிறகு எங்கள் பக்கமும் திருப்பிக் காட்டினார். வாண்டு ஹோஸைத் தோளில் போட்டு இழுத்தாள். அது அத்தனை கனமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. உயிருள்ள ஒன்றை இழுக்கிற மாதிரி இருந்தது. பாதி தூரத்தில் முழங்கால் தரையில் அடித்தது. எழுந்தாள். நான் அந்த முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் தட்டு சாய்ந்ததைப் பார்க்கவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. நீங்கள் எழுதியிருந்தீர்களே, டமால் என்று. அதேதான்.

வீட்டுக்கு வந்து காயத்தைக் கழுவும்போது, "இன்னும் கோவமாம்மா?" என்றாள். கோபம் இல்லை, பயம் என்றேன். "எனக்கும்தாம்மா பயம். பின்ன எதுக்கு அவ்ளோ கத்தினேன்னு நெனைக்கற?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். மருந்து எரிந்ததில் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கு ஏன் வந்தது என்று அவள் கேட்கவில்லை.

அவளுக்கு வேலை இந்த ஊர் நிலையத்திலேயே போட்டிருக்கிறார்கள். ஒன்றாம் தேதி சேர வேண்டும். என்னோடு தங்குவாள். நான் சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். இந்த ஊரில் தீக்காயத்தோடு யார் வந்தாலும் என் வார்டுக்குத்தான் வருவார்கள். இனிமேல் ஸ்ட்ரெச்சர் உள்ளே வரும்போதெல்லாம் காயத்தைப் பார்க்கும் முன் முகத்தைத்தான் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும்.

இதைத் தனியாகத் தாங்க என்னால் ஆகாது. லீவு போட்டுவிட்டுக் கிளம்பி வாருங்கள்.

வாண்டுவின் அம்மா